மயிலாப்பூர்க் கூடத்தில் அமர்ந்திருப்பவள்

செவ்வாய்

இந்த வாரம் சென்னைக்கு ஒரே ஓர் ஓவியத்தைப் பார்ப்பதற்காக வந்திருக்கிறேன். மயிலாப்பூரில் என் கல்லூரித் தோழியின் புகுந்த வீட்டுக் கூடத்தில், நாற்காலியில் அமர்ந்த ஓர் அம்மாளின் ஆயில் பெயின்டிங் மாட்டியிருக்கிறது. தோழியின் மாமியாருக்கு அவர் தாய்வழிப் பாட்டி. வீடும் அந்த வழியில் வந்ததுதான். வீட்டை இடித்து அடுக்ககம் கட்டக் கொடுத்துவிட்டார்கள். விரைவில் காலி செய்ய வேண்டும். படத்தை எப்படி இறக்குவது, எங்கே வைப்பது, முதலில் அது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி தோழி அழைத்தாள். நான் தஞ்சாவூரில் பலகை ஓவியம் செய்கிறவள், பள்ளியில் ஓவிய ஆசிரியை. எண்ணெய் வண்ணமும் முறையாகக் கற்றிருக்கிறேன்.

விடியுமுன் எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தேன். குளித்து, காபி குடித்து, தோழியோடு பேசித் தீர்த்துவிட்டுப் படத்தின் முன்னால் போய் நிற்க மாலை ஆகிவிட்டது.

ரேழியைத் தாண்டினால் கூடம். நடுவே ஊஞ்சல். மேலே மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் கூரை: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்தது. இந்தக் கூரையின் உயரத்துக்குத் தக்கபடி செய்வித்த படம் அது. உயரம் நாலரை அடி, அகலம் மூன்றடிக்குச் சற்று அதிகம். இனி குடிபோகும் அடுக்ககத்தில் இதற்குச் சுவர் தேடுவது எளிதல்ல.

அம்மாளுக்கு வயது இருபத்தைந்து, முப்பது இருக்கலாம். அரக்கு நிறப் பட்டில் மடிசார் கட்டு. மாங்காய்க் கரை. முழங்கை வரை வந்து மேலே கொசுவிப் புடைத்த கையோடு வெளிர்நிற ரவிக்கை. கழுத்தில் அட்டிகை, அதன் கீழே காசுமாலை. காதில் வைரத்தோடு, அதிலிருந்து கூந்தலுக்குப் போகும் மாட்டல். இரண்டு பக்கமும் மூக்குத்தி. இடுப்பில் ஒட்டியாணம். செதுக்கு வேலை மிகுந்த ஈட்டி மர நாற்காலியில், உடலைச் சற்றே ஒருபக்கம் திருப்பி, முகத்தை நம் பக்கம் வைத்து அமர்ந்திருக்கிறார். இடக்கை நாற்காலியின் கைப்பிடியில், வலக்கை முழங்காலின் மேல். பின்னால் கருஞ்சிவப்புத் திரை, ஒரு தூண், தூணுக்கு அப்பால் மங்கலான மரங்கள்.

முதலில் நகைதான் கண்ணைப் பிடித்து இழுக்கிறது. ஓவியர் அங்கேதான் தன் முழுத் திறமையையும் காட்டியிருக்கிறார். காசுமாலையின் ஒவ்வொரு காசுக்கும் அடியில் பட்டின் மீது ஒரு சிறு நிழல் விழுகிறது. தஞ்சாவூர் முறையில் நாங்கள் மாவுப் பசையால் மேடு எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதிக்கிறோம். தங்கம் அங்கே தங்கத்தாலேயே செய்யப்படுகிறது. இவரிடம் இருந்தவை காவி மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு நாலடி தூரத்தில் பொன்னை மின்ன வைத்திருக்கிறார். கிட்டப்போனால் மஞ்சள் தீற்றலும் அதன் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான்.

வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "போட்டோவைப் பார்த்து வரைந்தது. அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் அன்னிய ஆண் முன்னால் வந்து உட்காருவார்களா?" நியாயமான பேச்சு. போட்டோவைப் பார்த்து எழுதிய ஓவியங்கள் இந்த ஊரில் ஏராளம். ஆனால் இந்த முகத்தில் போட்டோவின் தட்டைத்தன்மை எனக்குத் தெரியவில்லை. இரவு விளக்கில் வார்னிஷ் பளபளத்து மேற்கொண்டு பார்க்க முடியாமல் போனது.

புதன்

காலை ஏழு மணிக்கு முற்றத்து வெளிச்சம் கூடத்துக்குள் வந்துவிடுகிறது. வெயில் நேராக விழாத, சீரான வெளிச்சம். படத்துக்கு எதிரே தரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முறை ஒன்று உண்டு. உருவப்படத்தில் முகத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும். முகம் நம்மோடு பேச ஆரம்பித்துவிட்டால் மற்ற எதையும் பார்க்க விடாது. ஆகவே கீழ் மூலையில் இருந்து தொடங்கினேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. நாற்காலியின் முன்கால், அதன் சிங்கப் பாதம். பிறகு புடவையின் கீழ்விளிம்பு. அதற்கு வெளியே, மஞ்சள் பூசிய ஒரு பாதம், இரண்டாம் விரலில் மெட்டி.

ஒரு பாதம்தான். இன்னொன்று எங்கே?

நின்றுகொண்டு பார்த்தபோது இது உறுத்தவில்லை. புடவைக்குள் மறைந்திருக்கும் என்று கண் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. தரையில் உட்கார்ந்து பாதத்தின் மட்டத்தில் இருந்து மேல்நோக்கிப் பார்க்கும்போது அப்படி நிரப்ப முடியவில்லை. மடிசார்க் கட்டில் கால்கள் இரண்டும் தனித்தனியே துணியால் சுற்றப்பட்டிருக்கும். அதனால் மடிப்புகளைப் பின்தொடர்ந்தாலே கால் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இடதுகால் மேல் மடிப்புகள் முழங்காலில் இருந்து நேராகக் கீழே இறங்குகின்றன. வலதுகால் மேல் மடிப்புகள் அப்படி இறங்கவில்லை. தொடையில் இருந்து பக்கவாட்டில் ஓடி, நாற்காலியின் விளிம்பைத் தாண்டிப் புடைத்து, மறுபடி உள்ளே சுருண்டு திரும்புகின்றன. அந்தப் புடைப்பின் உச்சியில்தான் வலக்கை இருக்கிறது. அது ஒரு முழங்கால். அவர் வலதுகாலை மடித்து நாற்காலியின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து தினமும் பார்க்கும் படம் அவளுக்கு. விரலால் காற்றில் மடிப்பைத் தொடர்ந்து வரைந்து பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றாள். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

பகல் உணவுக்குப் பிறகு அவள் கணவரும் பிள்ளையும் உதவ, படத்தை இறக்கிச் சுவரோரம் நிறுத்தினோம். கனமான தேக்குச் சட்டம். பின்புறம் ஒட்டடையைத் தூரிகையால் மெல்லத் தட்டினால் கித்தானில் நீல முத்திரை தெரிகிறது: வின்சர் அண்ட் நியூட்டன், லண்டன். 1832ல் தொடங்கிய வண்ணக் கடை. அங்கே தயாரான கித்தான்கள் உலகம் முழுவதும் போயிருக்கின்றன. ஓவியரின் பெயர் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இது என்னை வருத்துகிறது. இப்படி வரையத் தெரிந்தவர் பெயரில்லாமல் போகக் கூடாது.

ஜன்னல்களைச் சாத்திவிட்டு டார்ச்சைப் படத்தின் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தேன். நேர் வெளிச்சம் வண்ணத்தைக் காட்டும். சாய்ந்த வெளிச்சம் மேடு பள்ளத்தைக் காட்டும். நகைகளின் வெள்ளைப் புள்ளிகள் தடித்துத் தெரிந்தன. திரை மெல்லிய பூச்சு. வெளிச்சத்தைக் கீழே கொண்டுவந்தபோது, தெரியும் பாதத்தில் இருந்து ஒரு சாண் தள்ளி, அம்மாளின் வலப்பக்கத்தில், வெறும் தரையும் புடவை நிழலுமாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வளைந்த மேடு எழுந்தது. அதன் முனையில் ஐந்து சிறு மேடுகள். இரண்டாவதன் மேல் ஒரு கூர்மையான புள்ளி.

விரல்கள். மெட்டி.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். படம் முழுவதும் பரவியிருப்பது வயதினால் வரும் மெல்லிய வெடிப்பு, முடியிழை போன்ற கோடுகள். இந்த இடத்தில் மட்டும் வெடிப்பு வேறு மாதிரி அகலமாக, ஓரம் சுருங்கி இருக்கிறது. கீழ்ப்பூச்சு முழுதாகக் காய்வதற்குள் அதன் மேல் இன்னொரு பூச்சு ஏறினால் இப்படி ஆகும். மேல்பூச்சு முந்திக் காய்ந்து இறுகும்; கீழே உள்ளது பிறகு நகரும்; மேலே உள்ளது கிழியும். அந்தக் கிழிசல்களின் அடியில் பழுப்பு இல்லை. மஞ்சள் கலந்த தோல் நிறம் இருக்கிறது.

ஓவியர் முதலில் இரண்டு பாதங்களையும் தரையில் வைத்து வரைந்திருக்கிறார். நாற்காலியில் அமர்பவர் அப்படித்தான் அமர வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். பிறகு, அந்த வண்ணம் காய்வதற்குள்ளேயே, வலது பாதத்தைத் தரை நிறத்தால் மூடிவிட்டுக் காலை மடித்து நாற்காலி மேல் ஏற்றியிருக்கிறார்.

முன்னால் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு வரைபவருக்கு இந்த மாற்றம் தேவைப்படாது. போட்டோவில் கால் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். பாதி வேலையில் காலை மடித்துக்கொள்ள ஓர் உயிருள்ள பெண்ணால்தான் முடியும். இந்த அம்மாள் ஓவியர் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் அதை நம்புகிறேன்.

இரவு தூக்கம் வரவில்லை.

வியாழன்

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆகவே இன்றே எழும்பூர் போனேன். பாந்தியன் சாலை, 1851ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909ல் திறந்த சிவப்புக் கல் மண்டபத்தை வெளியே இருந்து ஒருமுறை பார்த்துவிட்டுச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்கு நடந்தேன்.

திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் பார்க்காமல் அந்தக் கட்டடத்தை விட்டு யாரும் வர முடியாது, நானும் நின்றேன். ஆனால் இன்று எனக்கு வேண்டியது சோமாஸ்கந்தர். சிவனும் உமையும் ஒரே பீடத்தில், நடுவில் குழந்தை முருகன். பல திருமேனிகளில் குழந்தையைத் தனியாக வார்த்து வைத்திருப்பார்கள். அதனால் காணாமல் போயிருக்கும். உமை ஒரு காலை மடித்துப் பீடத்தின் மேல் வைத்திருக்கிறாள், மற்றக் காலைத் தொங்கவிட்டிருக்கிறாள். சிவனும் அப்படியே, எதிர்ப்பக்கமாக. சிற்ப நூல்கள் இதைச் சுகாசனம் என்கின்றன.

மடித்த காலின் முழங்கால் பீடத்து விளிம்பைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. ஆடையின் மடிப்புகள் தொடையில் இருந்து பக்கவாட்டில் ஓடுகின்றன. மயிலாப்பூர் அம்மாளின் வலதுகாலுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேறு எங்கும் கிடைக்காது. இடுப்பின் சாய்வைப் பாருங்கள். ஒரு கால் மடங்கியதும் உடலின் பாரம் ஒருபக்கம் இறங்குகிறது, எதிர்த் தோள் சற்றே உயர்கிறது. நேற்று ஓவியத்தில் இடது தோள் உயர்ந்திருப்பதை நான் கைப்பிடியில் கை வைத்ததனால் வந்தது என்று குறித்திருந்தேன். கைப்பிடி மட்டும் காரணமாக இருந்தால் இடுப்புப் பட்டை நேராக இருக்க வேண்டும். ஒட்டியாணம் சாய்ந்திருக்கிறது. ஓவியர் நகையை வரைவதில் அத்தனை கவனமானவர் என்பதால்தான் அந்தச் சாய்வு நமக்குக் கிடைத்திருக்கிறது.

அங்கேயே நின்று நோட்டில் உமையைத் திரும்பத் திரும்ப வரைந்தேன். காவலர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இடது கை இன்னும் கொஞ்சம் தாழ்வாக வரும் என்றார். உண்மைதான். தினமும் பார்க்கிற கண்.

பிறகு ரவி வர்மா. அவருடைய மூலப் படங்கள் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. சென்னைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பழையது. 1873ல் இங்கே நடந்த கண்காட்சியில், மல்லிகைச் சரத்தைக் கூந்தலில் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கியபோது அவருக்கு வயது 25. மறு ஆண்டு அதே கண்காட்சிக்கு ஸ்வரபத் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணை வரைந்து அனுப்பிப் பாராட்டுப் பெற்றார். எண்ணெய் வண்ணத்தை அவர் கற்ற கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு கற்றுத்தர விரும்பவில்லை. நாயுடுவின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை, ஆசிரியருக்குத் தெரியாமல் சொல்லிக்கொடுத்தார். 1868ல் திருவனந்தபுரம் வந்த தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தான் வரையும்போது பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றார்.

மயிலாப்பூர் அம்மாளை வரைந்தவரும் இப்படி எங்கோ பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவராக இருப்பார் என்று தோன்றுகிறது. ஓவியப் பள்ளிக்குப் போயும் கற்றிருக்கலாம்; 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி இதே ஊரில், பெரியமேட்டில், இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இயங்குகிறது. எங்கே கற்றிருந்தாலும் அவர் படித்த படங்களில் கால்கள் இரண்டும் தரையில்தான் இருந்திருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு எதிரே ஒரு மூதாட்டி, ஒரு காலை மடித்து இருக்கை மேல் வைத்து, பையை மடியில் அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளி

இன்று எங்கும் போகவில்லை. காலை பூஜை முடிந்ததும் மாமி, அதாவது தோழியின் மாமியார், குங்குமச் சிமிழோடு கூடத்துக்கு வந்தார். படம் சுவரில் இருந்து இறங்கித் தரையோடு நிற்பதால் இன்று ஸ்டூல் தேவைப்படவில்லை. மோதிர விரலால் குங்குமம் எடுத்து அம்மாளின் நெற்றியில் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் வைப்பாராம். அவருக்கு முன் அவர் தாயார் வைத்தார். சுமங்கலியாகப் போனவர் என்பதால் சந்தனத்தோடு நிறுத்துவதில்லை.

நெற்றியில் ஓவியர் வைத்த பொட்டு எது, வீட்டார் வைத்தது எது என்று இப்போது பிரிக்க முடியாது. குங்குமம் வார்னிஷோடு இறுகி, வெடிப்புகளுக்குள் இறங்கி, புருவ மத்தியில் இருந்து வகிடு வரை ஒரு தடித்த செம்மையாக ஏறியிருக்கிறது. மாமியின் மகன் இதை எடுத்துவிட வேண்டும் என்கிறார். படம் கெடுகிறதே என்ற கவலை அவருக்கு. மாமி அவரிடம் பதில் பேசாமல் சிமிழை மூடிக்கொண்டு போனார்.

எனக்கு இதில் திடமான கருத்து இருக்கிறது, ஆனால் என் வீட்டுப் படம் இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன். இங்கே எழுதுகிறேன்: அந்தக் குங்குமம் அங்கேயே இருக்க வேண்டும். முகத்தில் ஓவியர் வேலை முடிந்த பிறகு தொடர்ந்து நடந்த வேலை அது. இரண்டு தலைமுறைப் பெண்கள் வாரம் தவறாமல் அந்த முகத்தை அரையடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் எந்த ஓவியத்துக்கும் இந்தப் பார்வை கிடைப்பதில்லை.

மதியம் மாமி ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் பார்த்த எல்லாவற்றையும் சொன்னேன். மறைந்த பாதம், வெடிப்பின் அடியில் தெரியும் நிறம், மடித்த கால், சோமாஸ்கந்தர். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"பின்னே வேறு எப்படி உட்காருவார்கள்?"

கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். மாமியின் வலதுகால் ஊஞ்சல் பலகை மேல் மடங்கியிருந்தது. இடதுகால் தரையைத் தொட்டு ஊஞ்சலை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது.

பாட்டியைப் பற்றி மாமிக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். ஒல்லியான உடம்பு. குரல் பெரியது. சமையல்காரரோடு கணக்குப் பார்க்கும்போதும் ஊஞ்சலில்தான். நாற்காலி அவர் கணவர் கச்சேரி அறையில், கட்சிக்காரர்கள் வந்தால் உட்கார வைத்திருந்தது. கணவர் வக்கீல். படத்தில் இருக்கும் நாற்காலி அந்த அறை நாற்காலிதானா என்று கேட்டேன். "சிங்கக் கால் நாற்காலி இரண்டு இருந்தன. ஒன்றைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு போனார். இன்னொன்று மாடியில் கிடக்கிறது" என்றார் மாமி.

மாடிக்கு ஓடினேன். பழைய பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. பிரம்பு கிழிந்திருக்கிறது, ஆனால் சிங்கப் பாதம் அப்படியே. உட்கார்ந்து பார்த்தேன். இருக்கை உயரம் அதிகம், ஆழமும் அதிகம். முதுகைச் சாய்த்தால் என் பாதம் தரையில் பதியவில்லை. பாதம் பதிய வேண்டும் என்றால் விளிம்பில் நிமிர்ந்து உட்கார வேண்டும். சற்று நேரத்தில் தொடை மரத்துப்போகிறது. ஒரு காலை மடித்துக்கொண்டதும் நாற்காலி வசதியாகிவிட்டது. ஓவியர் முன்னால் நாள்கணக்கில் உட்கார வேண்டியிருந்த ஒருவர் எந்த முடிவுக்கு வருவார் என்பதை அந்த நாற்காலியே சொல்லிவிடுகிறது.

ஓவியருக்கு ஒரு வழி இருந்தது. அம்மாள் எப்படி உட்கார்ந்தாலும், தான் கற்றபடி இரண்டு பாதங்களையும் தரையில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முடித்த பாதத்தை அழித்துவிட்டு, மடிசார் மடிப்புகள் முழுவதையும் மறுபடி வரைந்திருக்கிறார். அதற்காகவே அவர் பெயர் தெரிந்தாக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

சனி

காலையில் புனித ஜார்ஜ் கோட்டை. பாதுகாப்புச் சோதனை முடிந்து, தலைமைச் செயலகத்துக்குப் போகிறவர்களோடு நடந்து, கோட்டை அருங்காட்சியகத்தை அடைந்தேன். 1795ல் வணிகர்கள் கூடுமிடமாகக் கட்டி முடித்த கட்டடம். 1948ல் அருங்காட்சியகம் ஆனது. மாடியில் அரச குடும்பத்தாரும் ஆளுநர்களும் ஆளுயரப் படங்களில் இருக்கிறார்கள். திரை, தூண், தூணுக்கு அப்பால் வானம். அம்மாளின் பின்னால் இருக்கும் திரைக்கும் தூணுக்கும் மூதாதையர் இவர்கள். வக்கீல் வீட்டில் அப்படி ஒரு தூண் இருந்ததே இல்லை. அதிக நேரம் நிற்கவில்லை. பிற்பகல் ஓவியங்களைச் செப்பனிடும் நிபுணர் வருவதாக இருந்தது.

அவர் சிறு வயதுப் பெண். வந்ததும் பேச்சே இல்லாமல் படத்தை மூலை மூலையாகப் பார்த்தார். புற ஊதா விளக்கைப் போட்டதும் பழைய வார்னிஷ் பச்சை கலந்து ஒளிர்ந்தது. பிற்பாடு யாரோ திருத்திய இடங்கள் கறுப்புத் திட்டுகளாகத் தெரிந்தன. திரையில் இரண்டு, நாற்காலிக் காலில் ஒன்று. பாதம் மறைந்த இடத்தில் அப்படித் திட்டு இல்லை. வார்னிஷ் அதன் மேல் ஒரே சீராக ஓடுகிறது. அதாவது பாதத்தை மூடியது பிற்காலத்தவர் எவரும் அல்லர், ஓவியரேதான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியில் வெடிப்பைப் பார்த்தார். அகச்சிவப்புக் கதிரில் படம் எடுத்தால் கீழே இருக்கும் கோடுகள் கிடைக்கக்கூடும் என்றார். அதற்கு ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார்.

பிறகு சுத்தம் செய்வது பற்றிப் பேச்சு வந்தது. மேற்பரப்பின் புகையையும் தூசியையும் எடுக்கப் பல நாடுகளில் செப்பனிடுபவர்கள் உமிழ்நீர் தொட்ட பஞ்சைப் பயன்படுத்துவது வழக்கம். அதில் உள்ள நொதிகள் அழுக்கைக் கரைக்கும், வண்ணத்தைத் தொடாது. நிபுணர் இதை விளக்கும்போதே மாமியின் முகம் மாறிவிட்டது. குங்குமம் வைக்கும் நெற்றியில் எச்சிலா? நிபுணர் உடனே புரிந்துகொண்டார். காய்ச்சி வடித்த நீரைக் கொண்டே செய்கிறேன், கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான் என்றார். அந்தப் பெண்ணின் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

குங்குமம் பற்றிக் கேட்டபோது இரண்டு பக்கமும் பார்த்துச் சொன்னார். நெற்றியை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மட்டும் வார்னிஷை எடுத்தால் முகத்தில் ஒரு மஞ்சள் தீவு நிற்கும். எல்லாவற்றையும் எடுத்தால் குங்குமமும் போகும். எனவே இப்போதைக்கு வார்னிஷில் கை வைக்க வேண்டாம். மேல் அழுக்கை மட்டும் எடுத்து, கித்தான் தளர்ந்த இடங்களை இறுக்கி, பின்பக்கம் அட்டை அடைத்தால் போதும். இனிமேல் வைக்கும் குங்குமம் வண்ணத்தைத் தொடாமல் இருக்க, சட்டத்தின் முன்னால் கண்ணாடி போடலாம். ஆனால் கண்ணாடி படத்தை ஒட்டக் கூடாது. அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். கடலோர ஊர் என்பதால் உள்ளே ஈரம் தங்காமல் காற்றுப் போகவும் வழி வேண்டும்.

மாமி கேட்டார்: "அப்போது பொட்டு கண்ணாடியில்தானே இருக்கும், பாட்டி நெற்றியில் இருக்காதே?"

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. சற்றுக் கழித்து அவரே, "பழையது அங்கேயே இருக்கும் இல்லையா?" என்று உறுதி கேட்டுக்கொண்டார். இருக்கும் என்றார் நிபுணர். மாமி சம்மதித்தார். மகனும் அதற்கு மேல் பேசவில்லை.

ஞாயிறு

இரவு ரயில். பகல் முழுவதும் படத்தோடுதான்.

புது வீட்டின் வரைபடத்தைத் தோழி கொண்டுவந்தாள். பால்கனிச் சுவர் வேண்டாம், மழைக்காலத்தில் அது ஈரம் கோத்துக்கொள்ளும். பூஜை அறைக்கு எதிர்ச் சுவரும் வேண்டாம். விளக்குப் புகை ஏற்கெனவே போதுமான அளவு படிந்திருக்கிறது. மீதி இருப்பது சாப்பாட்டு மேசைப் பக்கத்துச் சுவர் ஒன்றே. அங்கே மாட்டினால் சட்டத்தின் கீழ்விளிம்பு தரையில் இருந்து மூன்றடி உயரத்தில் வரும். இங்கே இருந்ததைவிட மிகவும் தாழ்வு. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். வருகிறவர்கள் அந்த ஒற்றைப் பாதத்தைப் பார்ப்பார்கள். மாமிக்கும் ஸ்டூல் ஏற வேண்டியிருக்காது.

கொண்டுபோகும் நாளில் படத்தின் முகத்தில் பிளாஸ்டிக் உறை படக் கூடாது, துவைத்துக் கஞ்சி போடாத பருத்தி வேட்டி போதும், வண்டியில் நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டும், படுக்க வைக்கக் கூடாது என்றெல்லாம் தோழியின் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாமி சொன்னவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, கித்தானின் பின்புறப் புகைப்படங்களோடு ஓர் உறையில் போட்டுச் சட்டத்தின் பின்னட்டையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாடி நாற்காலிக்குப் பிரம்பு பின்ன ஆள் சொல்லியாகிவிட்டது. அதுவும் புது வீட்டுக்குப் போகிறது.

தஞ்சாவூர் சேர்ந்ததும் எனக்கு வேலை இருக்கிறது. அரண்மனையிலும், தெரிந்த வீடுகளிலும், பழைய படங்களில் அமர்ந்திருக்கும் பெண்களை மறுபடி பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக முகத்தையும் நகையையும் பார்த்தே நகல் எடுத்து வந்திருக்கிறேன். இந்தமுறை பாதங்களில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால், அதில் பாதம் ஒன்றா இரண்டா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.